டெல்டான்னா என்ன? கடலூர்க்காரன் டெல்டாக்காரனா?

காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பையன் ஒருத்தன், இப்ப பாண்டிச்சேரில காலேஜ் படிக்கிறான், அவன் கேட்ட கேள்வி இது: "அண்ணா, எங்க அப்பா வயல் மோட்டார்ல ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர், நியூஸ்ல டெல்டா மாவட்டம், கொரோனாவுல டெல்டா, கணக்குல டெல்டா. இங்கிலீஷ்ல இந்த வார்த்தைக்கு உண்மையான அர்த்தம்தான் என்ன? அதோட தஞ்சாவூர் பசங்க, கடலூர்லாம் டெல்டாவே இல்ல, நீ சும்மா சொல்லிக்கிறன்னு ஓட்டுறானுங்க, அதுக்கும் ஒரு பதில் சொல்லுங்க." நானும் குமராட்சி பக்கத்துல பொறந்து பாண்டில வந்து ஒட்டிக்கிட்டவன்தான், டிப்ளமோ எலக்ட்ரிக்கல், ஆனா வார்த்தைங்க எங்கேருந்து வந்துச்சுன்னு நோண்டுற கிறுக்கு சின்ன வயசுலேருந்தே உண்டு. அதனால கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்கோ தம்பி.

மொதல்ல அர்த்தம். டெல்டான்னா கதவு. ஆறும் இல்ல முக்கோணமும் இல்ல, வீட்டுக் கதவு. ஆனா கிரேக்க மொழியில கதவு இல்ல, அங்கதான் விஷயமே இருக்கு. கிரேக்கத்துல அந்தப் பேருக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, வெறும் எழுத்தோட பேரு, அவ்வளவுதான். அர்த்தம் இருந்தது அவங்க எழுத்தை வாங்கின இடத்துல.

இப்ப உனக்கு ஒண்ணாங்கிளாஸ்ல எப்படிச் சொல்லிக் குடுத்தாங்க, அ அம்மா, ஆ ஆடு, இ இலை, ஈ ஈ. இதையே எழுத்தோட பேராவே வச்சுட்டாங்கன்னு நெனச்சுக்கோ. அதாவது அ-ன்னு சொல்லாம அந்த எழுத்தையே "அம்மா"ன்னு கூப்பிடுறது, இ-யை "இலை"ன்னு கூப்பிடுறது. அப்ப தமிழே தெரியாத ஒரு ஊர்க்காரன் கப்பல்ல வந்து நம்ம எழுத்தைக் கத்துக்கிட்டுப் போறான், எழுத்தோட பேரையும் அப்படியே தூக்கிட்டுப் போறான். அவன் ஊர்ல புள்ளைங்க "அம்மா, ஆடு, இலை"ன்னு பாட்டு மாதிரி ஒப்பிக்கும், ஆனா அம்மான்னா என்னன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. கிரேக்கத்துல நடந்தது இதேதான். கி.மு. 8ஆம் நூற்றாண்டு வாக்குல, இப்ப லெபனான் இருக்குற கடற்கரையில இருந்த பினீசிய வியாபாரிங்க கிட்டேருந்து எழுத்தை வாங்கினாங்க. அவங்க மொழி எபிரேயத்துக்கு (ஹீப்ரு மொழிக்கு) நெருங்கின சொந்தம். அலெஃப்னா மாடு, பெத்னா வீடு, கிமெல்னா ஒட்டகம்னு சொல்றாங்க (இதுல மட்டும் சண்டை இருக்கு), தலெத்னா கதவு. அலெஃப் ஆல்ஃபா ஆச்சு, பெத் பீட்டா ஆச்சு, தலெத் டெல்டா ஆச்சு. இன்னைக்கும் எபிரேயத்துல கதவுக்கு "தெலெத்"னுதான் சொல்றாங்க, எழுத்துக்கும் தாலெத்னுதான் பேரு. அரபில அதே எழுத்து "தால்".

கடைசில அந்த "ஆ" எங்கேருந்து வந்து ஒட்டிச்சுன்னு கேட்டா, கிரேக்கத்துல ஒரு சொல்லு த், ப், க் மாதிரி எழுத்துல முடியாது, வாயில வராது. உடனே நம்ம ஆளுங்க ஞாபகம் வரணும். பஸ்ஸு, காரு, பேங்க்கு, லைட்டு. வெளியூர் சொல்லு மெய்யெழுத்துல முடிஞ்சா நாம ஒரு உ-வை ஒட்டிடுறோம்ல, அவங்க ஆ-வை ஒட்டிட்டாங்க. அவ்வளவுதான் ரகசியம்.

ஏன் கதவு முக்கோணமா இருக்குன்னா, கூடாரத்தோட வாசல் மறைப்பை நெனச்சுக்கோன்னு சொல்றாங்க, எனக்கு இது பாதி ஏத்துக்கிற மாதிரி இருக்கு பாதி இல்ல. அந்த எழுத்து ஆதியில மீன் படமா இருந்திருக்கும், பின்னாடிதான் கதவுன்னு பேரு வந்துச்சுன்னு வாதாடுறவங்களும் இருக்காங்க. ஆனா கதவோட வாசனை கிரேக்கத்துல வேற ஒரு சொல்லுல ஒட்டிக்கிட்டு இருக்கு. "டெல்டோஸ்"னு ஒரு சொல்லு, எழுதுற பலகைக்கு, மெழுகு பூசி ரெண்டு பலகையைக் கீல் போட்டு மடிக்கிற மாதிரி இருக்கும், அதுவும் இதே கதவுலேருந்து வந்ததுதான்னு சொல்றாங்க. நம்ம வீட்டு ரெட்டைக் கதவு சாத்துற மாதிரியேதான இருக்கு, யோசிச்சுப் பாரு.

அந்த முக்கோணம் இத்தாலிப் பக்கம் போயி, ஒரு மூலை உருண்டு, இங்கிலீஷ்ல ஏபிசிடில வர்ற "டி" ஆயிடுச்சு. அதனால இங்கிலீஷ்காரனுக்கு டெல்டாங்கிறது சொந்தத் தாத்தா பேரு மாதிரி, ஆனா அதையே திரும்ப வெளியூர்ச் சொல்லா வாங்கி வச்சிருக்கான்.

நடுவுல ஒரு சின்ன விஷயம், விட மனசில்ல. நாம "டெல்டா"ன்னு எழுதுறோம்ல, அதுல முதல் ட ஒரு ஒலி, ரெண்டாவது ட வேற ஒலி, ஆனா எழுத்து ஒண்ணுதான். பழைய இலக்கணப்படி பாத்தா ட சொல்லுக்கு மொதல்லயே வரக்கூடாது. இன்னைக்கு கிரேக்கத்துல போயி கேட்டா அவங்க டெல்டான்னும் சொல்ல மாட்டாங்க, "தெல்தா"ன்னு சொல்லுவாங்க, அந்த முதல் த நாம "அது"ன்னு சொல்றப்ப வர்ற மெத்துனு ஒரு த. அதாவது இங்கிலீஷ்காரனை விட நமக்குத்தான் அந்த எழுத்தைச் சரியாச் சொல்ல வரும்! பழைய காலத்துல அவங்களே அழுத்தமா த்-ன்னுதான் சொன்னாங்க, அது வேற கதை.

அப்புறம் பாண்டில இருக்குறவனுக்கு இதைச் சொல்லாம விட்டா பாவம். அரியாங்குப்பம் ஆத்தங்கரையில அரிக்கமேடு இருக்குல்ல, 1945ல மார்ட்டிமர் வீலர்ங்கிற தொல்லியல் ஆய்வாளர் தோண்டின இடம், ரோமானிய ஜாடி, மணிலாம் கெடச்ச இடம். கி.பி. முதல் நூற்றாண்டுல ஒரு கிரேக்க மாலுமி எழுதின கடல்வழிக் குறிப்புல நம்ம கரையில "பொதுகே"ன்னு ஒரு துறைமுகம் வருது, அது அரிக்கமேடுதான்னு பொதுவா எடுத்துக்கிறாங்க. அந்தப் பேரைக் கிரேக்கத்துல எழுதுறப்ப நடுவுல வர்ற "து"வுக்கு அவங்க போட்ட எழுத்து என்ன தெரியுமா, டெல்டாதான். ஆக டெல்டா நம்ம ஊருக்குப் புதுசா வந்த எழுத்து இல்ல, ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே நம்ம கரையோட பேருக்குள்ள உக்காந்திருக்கு.

சரி, ஆத்துக்கு வருவோம். எழுத்து முக்கோணமா இருக்கு, நைல் ஆறு கடல்ல சேர்ற நிலமும் முக்கோணமா இருக்கு, அதனால கிரேக்கர்கள் அந்த நிலத்தை டெல்டான்னு கூப்பிட்டாங்க. எல்லாரும் ஹெரடோட்டஸ்ங்கிற கிரேக்க வரலாற்று ஆசிரியர்தான் இந்தப் பேரை வச்சாருன்னு எழுதுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கி.மு. 5ஆம் நூற்றாண்டுல அவர் எழுதினதைப் பாத்தா, "அயோனியர்கள் டெல்டா மட்டும்தான் எகிப்துன்னு சொல்றாங்க, அது தப்பு"ன்னு சண்டைதான் போடுறாரு (அயோனியர்னா கிரேக்கர்கள்ல ஒரு பிரிவு). அப்ப அந்தப் பேரு அவருக்கு முன்னாடியே ஜனங்க வாயில இருந்திருக்குன்னுதான அர்த்தம். அவர் பேரைச் சூட்டல, ஏற்கனவே இருந்த பேரை எழுதி வச்சாரு.

இதுல இன்னொரு வேடிக்கை. நைல் தெக்கேருந்து வடக்கே ஓடுது. இன்னைக்கு மேப்புல வடக்கை மேல வச்சுப் பாத்தா அந்த முக்கோணம் தலைகீழாத் தெரியும், கெய்ரோ பக்கம் கூர்முனை கீழ, கடல் மேல. கிரேக்கன் கப்பல்ல கடல் பக்கத்துலேருந்து வந்தவன், அவனுக்கு அடிக்கோடு முன்னாடி, முனை தூரத்துல, சரியா எழுதின டெல்டா மாதிரியே இருந்திருக்கும். காவிரியோடது கெழக்கே ஓடுறதால படுத்துக் கெடக்குற டெல்டா: முனை திருச்சிகிட்ட முக்கொம்பு கல்லணைப் பக்கம், ஒரு மூலை கொள்ளிடம் கடல்ல சேர்ற பழையாறு பக்கம், இன்னொரு மூலை கோடியக்கரை.

இப்ப எனக்கு ரொம்பப் புடிச்ச இடம். எகிப்துல ஒரு இடத்துக்கு மட்டும் சொந்தமா இருந்த பேரு, எல்லா ஆத்துக்கும் பொதுவா ஆனது எப்படி? அதுல நம்ம நாட்டுக்குப் பங்கு இருக்கு. கி.மு. 325ல அலெக்சாண்டர் சிந்து நதி வழியா எறங்கி கடலுக்குப் போனாரு. அந்தப் படையெடுப்பை ரொம்பப் பின்னாடி எழுதின ஆரியன்னு ஒருத்தர் (நம்ம ஆரிய திராவிட ஆரியன் இல்ல, அவர் பேரே அப்படி) என்ன சொல்றாருன்னா, சிந்து நதியும் எகிப்து டெல்டா மாதிரியே ஒரு டெல்டாவை உண்டாக்குது, இந்தியர்கள் மொழியில அதுக்குப் பட்டாலான்னு பேருன்னு சொல்றாரு. அதாவது நைலுக்கு மட்டும் இருந்த பேரை இன்னொரு ஆத்துக்குத் தூக்கி வச்சுப் பேசுனப்ப அந்த இன்னொரு ஆறு அவங்க இந்தியான்னு சொன்ன மண்ணுல ஓடுற ஆறு, இப்ப அந்த டெல்டா பாகிஸ்தான்ல இருக்கு. பின்னாடி இங்கிலீஷ்லயும் இதே கதை மறுபடி நடந்துச்சு: 16ஆம் நூற்றாண்டுல டெல்டான்னா நைல் மட்டும்தான், 18ஆம் நூற்றாண்டு முடியுறப்பதான் மத்த ஆறுங்களுக்கும் சேத்து எழுத ஆரம்பிச்சாங்க.

பொதுவா ஆனதுக்கப்புறம் முக்கோணத்தை யாரும் கண்டுக்கல. மிசிசிப்பி ஆறு கடல்ல சேர்ற எடம் பறவையோட கால் விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அதையும் டெல்டாங்கிறாங்க. அதை விடக் கூத்து, அமெரிக்காவுல "மிசிசிப்பி டெல்டா"ன்னு ஜனங்க சொல்றது அந்த எடத்தைக் கூட இல்ல! கடலுக்கு ரொம்பத் தூரம் உள்ள, மிசிசிப்பிக்கும் யாசூங்கிற ஆத்துக்கும் நடுவுல இருக்குற வண்டல் சமவெளியத்தான். பருத்தி வெளையுற பூமி, ப்ளூஸ் பாட்டு பொறந்த பூமி. 1920கள்ல அந்தப் பக்கத்துப் பருத்தி வயலுக்கு விமானத்துலேருந்து மருந்து தூவுன கம்பெனி ஒண்ணு 1928ல அந்தப் பூமியோட பேரையே வச்சுக்கிச்சு, அதுதான் இன்னைக்கு டெல்டா ஏர்லைன்ஸ். ஆக அந்த ப்ளேன் வாலுல இருக்குற முக்கோணம் எகிப்து முக்கோணத்தோட எத்தனையாவது பேரன்னு எண்ணிப் பாரு.

இதை வச்சுக்கிட்டு இப்ப உன் தஞ்சாவூர் ஃப்ரெண்டுங்களுக்குப் பதில் சொல்லுவோம். ஸ்கேல் வச்சு முக்கோணம் போட்டா கொள்ளிடம்தான் வடக்கு எல்லை, அப்படிப் பாத்தா நம்ம ஊரு கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுது, அவனுங்க சொல்றது சரி மாதிரிதான் தெரியும். ஆனா தண்ணியைக் கேளு. அணைக்கரையில கொள்ளிடத்துக்குக் குறுக்கே கீழணை, ஆர்தர் காட்டன்ங்கிற வெள்ளைக்கார இன்ஜினியர் 1836ல கட்டினது. அங்கேருந்து வடவாறு வழியாத்தான் வீராணம் நெறையுது, வடக்கு ராஜன் வாய்க்கால் வழியாத்தான் சிதம்பரம் பக்கத்து வயலுக்குத் தண்ணி பாயுது. மேட்டூர் தொறந்தாங்களா, கீழணைக்கு எவ்வளவு வந்துச்சுன்னு எங்க பெரியப்பா ரேடியோவ வச்சுக் கேட்டுக்கிட்டு இருப்பாரு, தஞ்சாவூர்ல அவர் சம்பந்தி கேக்குற அதே நியூஸ். சட்டமும் அப்படித்தான் சொல்லுது. 2020ல தமிழ்நாடு அரசு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் போட்டப்ப கடலூர் மாவட்டம் முழுசையும் எடுத்துக்கல, காட்டுமன்னார்கோயில், குமராட்சி, கீரப்பாளையம், மேல்புவனகிரி, பரங்கிப்பேட்டைன்னு 5 ஒன்றியத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அதனால நீயும் நானும் சட்டப்படியே டெல்டா. விருத்தாசலம், பண்ருட்டி ஆளுங்க இல்ல. கடலூர் டவுனும் இல்ல, அது கெடிலம், பெண்ணையாறுன்னு வேற ஆறுங்களோட ஊரு, கூடலூர்னு பேரே ஆறுங்க கூடுறதாலன்னு சொல்லுவாங்க. பாண்டிக்காரன் சிரிச்சான்னா அவன் கிட்ட காரைக்காலைக் காட்டு, அவங்க யூனியன் பிரதேசத்துல ஒரு துண்டு டெல்டாவோட அடிமடியில, கடைமடையில கெடக்கு.

நம்ம மொழியில இதுக்கு வார்த்தை இல்லாம ஒண்ணும் இல்ல. படுகைன்னு சொல்றோம், வடிநிலம்னு புத்தகத்துல போடுறாங்க. ஆறு ரெண்டாப் பிரிஞ்சு நடுவுல நிக்கிற திட்டுக்கு அரங்கம்னு பேரு, ஸ்ரீரங்கம் அதுதான். துருத்தின்னாலும் அதே மாதிரி ஆத்து நடுவுத் திட்டுதான், மாயவரம் பக்கம் குத்தாலத்துக்குப் பழைய பேரு திருத்துருத்தி. ஆனா "படுகை மாவட்டங்கள்"னு யாரும் கோஷம் போடுறதில்ல, "டெல்டா மாவட்டம்"னாதான் சண்டைக்கு வேகம் வருது. தண்ணி பங்கு, நெல்லு கொள்முதல், எண்ணெய்க் கிணறு வேணாம்ங்கிறது, எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ள வந்து உக்காந்துடுச்சு. கதவுலேருந்து கெளம்பின சொல்லு இங்க வந்து முக்கோணத்தையும் தொலைச்சுட்டு, தண்ணி உரிமைங்கிற அர்த்தத்தைப் புடிச்சுக்கிச்சு. இது எந்த இங்கிலீஷ் டிக்‌ஷனரியிலயும் இல்ல, நம்ம தமிழ் டெல்டாவுக்கு மட்டும் இருக்குற அர்த்தம்.

மத்த டெல்டாக்களுக்கு வருவோம். நான் பாத்த வரைக்கும் ஒரு விஷயத்துக்கு டெல்டான்னு பேரு வச்சிருந்தா மூணுல ஒரு காரணம்தான் இருக்கும். உருவம் முக்கோணமா இருக்கணும், இல்ல வரிசையில நாலாவதா இருக்கணும், இல்ல "டி"ல ஆரம்பிக்கிற சொல்லுக்குச் சுருக்கமா இருக்கணும். இதைப் புடிச்சுக்கிட்டா கொழப்பம் வராது.

உங்க அப்பா ஸ்டார்ட்டர் உருவக் கணக்கு. த்ரீ ஃபேஸ் மோட்டார்ல மூணு காயில், ஆறு ஒயர் முனை வெளிய வரும். மூணு முனையை ஒண்ணா முடிச்சுப் போட்டா நட்சத்திரம் மாதிரி, அது ஸ்டார். ஒண்ணோட வாலை அடுத்ததோட தலையில கட்டிச் சுத்தி வந்தா முக்கோணம், அது டெல்டா. ஸ்டார்ல ஸ்டார்ட் ஆகுறப்ப லைன்ல இழுக்குற கரண்ட்டு டெல்டாவுல நேரா போட்டா இழுக்குறதுல மூணுல ஒரு பங்குதான், அதனால ஃபியூஸ் போகாது, பக்கத்து வீட்டு லைட்டு மங்காது. மோட்டார் வேகம் புடிச்சதும் டக்குன்னு ஒரு சத்தத்தோட டெல்டாவுக்கு மாறும். ஊசி போடுற தோள்பட்டைத் தசை, அதுக்கு டெல்டாய்டுன்னு பேரு, அதுவும் முக்கோணம்தான். நம்ம தேஜஸ் போர் விமானத்தோட ரெக்கையும் டெல்டா.

கொரோனா வரிசைக் கணக்கு. 2020 கடைசில இந்தியாவுல மொதல்ல கண்டுபுடிச்ச வகையை எல்லாரும் "இந்தியன் வேரியன்ட்"னு சொல்ல ஆரம்பிச்சாங்க, ஒரு நாட்டுப் பேரைச் சொல்லி அசிங்கப்படுத்துற மாதிரி ஆகுதேன்னு 2021 மே 31ல உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்து வரிசையைக் கொண்டாந்துச்சு. ஆல்ஃபா, பீட்டா, காமா போயி நாலாவதா நம்மளுது வந்துச்சு. கதவு, முக்கோணம் ஒண்ணும் கெடையாது, க்யூல நாலாவது ஆளு. அந்த ஏர்லைன்ஸ்காரங்க பாவம், அந்தப் பேரையே வாயில எடுக்காம சும்மா "வேரியன்ட்"னு சொல்லிச் சமாளிச்சாங்க. புயலுக்கும் இப்படித்தான், 2020ல அட்லாண்டிக் கடல்ல புயல் அதிகமாகி வச்சிருந்த பேரெல்லாம் தீந்துபோயி கிரேக்க எழுத்துக்கு வந்துட்டாங்க. அதுல டெல்டான்னு ஒரு புயல் அக்டோபர்ல லூசியானாவை அடிச்சுது, அதாவது டெல்டா புயல், மிசிசிப்பி கடல்ல சேர்ற அந்தப் பறவைக்கால் டெல்டா இருக்குற மாநிலத்துல போயி கரை ஏறிச்சு. 2011ல தானே புயல்ல ஓடு பறந்ததைப் பாத்த நமக்கு இது சிரிக்கிற விஷயம் இல்ல, ஆனா பேரு மட்டும் வேடிக்கைதான். மறு வருஷமே கிரேக்க எழுத்து வச்சா கொழப்பம்னு நிறுத்திட்டாங்க.

கணக்கு டெல்டா முதலெழுத்துக் கணக்கு. வித்தியாசத்துக்குக் கிரேக்கத்துல "தியாஃபொரா", லத்தீன்ல "டிஃபரென்ஷியா", ரெண்டுமே டி. 1755ல ஆய்லர்ங்கிற கணித மேதை தன் புத்தகத்துல ரெண்டு மதிப்புக்கு நடுவுல இருக்குற வித்தியாசத்துக்கு முக்கோண டெல்டாவைப் போட்டாரு, அதுலேருந்து டெல்டா t-ன்னா நேர மாற்றம், டெல்டா எக்ஸ்னா எவ்வளவு நகந்துச்சுங்கிறது. பத்தாங்கிளாஸ்ல பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசிக்கு டெல்டான்னு போடுவோமே, தன்மைக்காட்டி, அது டிஸ்கிரிமினன்ட்ல வர்ற டி. ஷேர் மார்க்கெட்ல ஆப்ஷன் வாங்குற பசங்க டெல்டா 0.5ன்னு பேசுறதும் இந்த வித்தியாசம்தான், ஷேரு 1 ரூபா ஏறினா ஆப்ஷன் வெலை சுமாரா 50 காசு ஏறும்னு அர்த்தம். கெமிஸ்ட்ரில அம்புக்குறி மேல முக்கோணம் போட்டா சூடு பண்ணுன்னு அர்த்தம்ல, அதை மட்டும் டெல்டான்னு நம்பாத, பழைய ரசவாதிங்க நெருப்புக்குப் போட்ட குறியே முக்கோணம்தான், அதுலேருந்து வந்திருக்கும்னுதான் எனக்குத் தோணுது.

அப்புறம் கேள்வியோட கடைசில, அப்பா மோட்டார் ஒரு வாரமா உறுமிக்கிட்டே இருக்கு, தண்ணி சரியா ஏறலன்னு ஒரு வரி போட்டிருந்தியே. அந்த டக் சத்தம் கேக்குதான்னு மொதல்ல கவனிக்கச் சொல்லு. கேக்கலன்னா அநேகமா அது ஸ்டார்லயே நிக்குது, டெல்டாவுக்கே மாறல, டைமரோ டெல்டா கான்டாக்டர் (டெல்டாவுக்கு மாத்திவிடுற சுவிட்ச்) காயிலோ போயிருக்கும். அப்படியே ஓட்டினா மோட்டார் காயில் கருகிடும், அப்புறம் காயில் கட்டுற செலவு வந்து நிக்கும். மெயினை ஆஃப் பண்ணிட்டு ஒயர்மேன் ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லு, அப்பாவே கையை வைக்க வேணாம்.